புளித்தண்ணீர் குடித்த கார்

எனக்குக் காரின் மேல் ஆசை இருந்ததே இல்லை. பயம் இருந்தது. அந்தப் பயத்துக்காகத்தான் கார் வாங்கினோம். அதுவும் நாலு கை மாறிய பழைய காரை.

எங்கள் மகளுக்குச் சின்ன வயதிலேயே இழுப்பு. மழை பெய்தால் வரும், முந்திரி பூக்கும் மாதத்தில் வரும், பக்கத்துக் களத்தில் வரகு தூற்றினால் வரும், ஒன்றும் இல்லாமலும் வரும். வந்துவிட்டால் நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வரும், உதடு நிறம் மாறும். ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் ஊசி அரியலூரில் இருந்தது. நாங்கள் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ஊரில் இருந்தோம். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எழுபதுகளின் கடைசி அது.

ஒரு ஐப்பசி மழையில், காலை பஸ் போன பிறகு இழுப்பு வந்தது. ஊரில் வாடகைக் கார் வைத்திருந்தவர் ஒரே ஒருவர். அவர் கல்யாணச் சவாரிக்குக் கங்கைகொண்ட சோழபுரம் போய்விட்டார். கட்டை வண்டியில் போனோம். மாட்டை அடித்தால் சண்டைக்குப் போகிறவள் நான், அன்றைக்கு "அடி, அடி" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஊசி போட்ட நர்சம்மா, "ஏம்மா, இன்னும் செத்த நேரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் சொல்லி முடித்திருந்தால்கூடத் தேவலை. முடிக்காமல் விட்ட பேச்சு என் காதுக்குள்ளேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காரு வாங்கணுங்க."

அவர் பக்கத்து ஊரில் வாத்தியார். சைக்கிளில் போய் வருவார். "வாத்தியார் வூட்டுல காரா? ஊரே சிரிக்கும்டி" என்றார்.

"சிரிக்கட்டும். புள்ள மூச்சு விட்டாப் போதும்."

எனக்கு அம்மா வீட்டில் கொடுத்த முந்திரிக் கொல்லையை விற்றோம். அப்படியும் புதுக் காரை மோந்துகூடப் பார்க்க முடியாது. பழசுதான். பழசு என்றால் நடு ரோட்டில் நிற்கும். நின்றால் என்ன செய்வது? எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு அந்த ரோடும் நின்றுபோன காரும்தான் கண்ணில் தெரிந்தன.

அவருக்குக் கிணற்று ஆயில் எஞ்சினைப் பிரித்து மாட்டிய பழக்கம் உண்டு. அந்தத் தைரியத்தில் ஒரு சட்டம் போட்டார். "நின்னுபோச்சுன்னா நாமளே பிரிக்கணும், நாமளே மாட்டணும். எந்தச் சாமானா இருந்தாலும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கிற கடையில கிடைக்கணும். அந்த மாதிரி காருதான் வேணும். மெக்கானிக்கைத் தேடிப் போறதுக்குள்ள..." அவரும் முடிக்கவில்லை.

நானும் ஒரு சட்டம் போட்டேன். "நீங்க பள்ளிக்கூடத்துல இருக்கறப்ப வந்தா? நான்தான் ஓட்டணும். நான்தான் ஸ்டார்ட் பண்ணணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேட்டரி போச்சுன்னா முன்னாடி ஹேண்டில் போட்டுச் சுத்தணும். அது ஆம்பளைக்கே முதுகு ஒடியும்."

"உலக்கை புடிச்ச கை இது. சுத்தும்."

"சரி, பயப்படாத" என்றார். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பயப்படாமல் இருக்க எனக்கு யாராவது ஊசி போட்டிருக்கிறார்களா என்ன?

முதலில் லப்பைக்குடிக்காட்டில் ஒரு கார் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தவருடையது. "வாங்க சார், உக்காருங்கம்மா, முதல்ல சாயா குடிங்க" என்று உபசரித்தார். கார் சின்னது, நீல நிறம், முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. உள்ளே பாட்டுப் பெட்டி வேறு. என் மகள் ஏறி உட்கார்ந்தவள் இறங்க மாட்டேன் என்றாள். பொய் சொல்வானேன், எனக்கும் இறங்க மனசில்லை.

என் வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்தார். உள்ளே எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. கை நுழைந்த இடத்தில் மணிக்கட்டைத் திருப்ப முடியவில்லை. "ஹேண்டில் போட எடம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"அது எதுக்கு சார்? சாவியைத் திருகுனா எடுத்துக்கும், மாஷா அல்லா."

"நடு ரோட்டுல நின்னுட்டா?"

அந்த மனிதர் என் மகளைப் பார்த்தார். நாங்கள் எதற்காகக் கார் தேடுகிறோம் என்பதைச் சாயா குடிக்கும்போதே சொல்லியிருந்தேன். "பொய் சொல்ல மாட்டேன் சார். வண்டி நல்லா ஓடுது. நின்னுச்சுன்னா மட்டும் திருச்சிக்குத்தான் ஆள் அனுப்பணும். புள்ளைய வச்சிருக்கீங்க, யோசிச்சுக்கங்க" என்றார். வலிய வந்த வியாபாரத்தை அவரே கெடுத்துக்கொண்டார். அவர் நன்றாக இருக்கட்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் நீலக் கார் வேண்டும் என்று அழுதாள். அழுகை ஏறினால் அவளுக்கு இழுப்பு வரும். அழாதே என்று அதட்டவும் முடியாது, அதட்டினால் இன்னும் அழுவாள். ஊர் வந்து சேரும்வரை அவள் முதுகில் கையை வைத்து, உள்ளே விசில் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

இரண்டாவதாகப் பார்த்தது அரியலூர் ஓரத்தில், சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்த ஒரு பெரியவரின் பழைய அம்பாசடர். வெள்ளையாக இருந்திருக்க வேண்டும்; இப்போது இன்ன நிறம் என்று சொல்ல முடியாது. பின் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். மகள் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பானெட்டைத் தூக்கினால் உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், அவ்வளவு இடம். பிளக் இதோ, பாயிண்ட் இதோ, பேன் பெல்ட் இதோ என்று இவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இலை போட்டு உட்கார்ந்தவர் மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. பாதி டாக்ஸி இந்த ரகம்தான், எதுவும் பெரம்பலூரிலேயே கிடைக்கும்.

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹேண்டிலைக் கேட்டேன். பெரியவர் பதறிப்போனார். "நீயா? சரி, கட்டை விரலைச் சுத்திப் புடிக்காத தாயி. எஞ்சின் திருப்பி அடிச்சா வெரல் ஒடிஞ்சிடும். மத்த விரலோட சேத்து வச்சுக்க."

முதல் சுற்றுக்கு ஒன்றும் இல்லை. அடுத்ததற்கு ஒரு இருமல். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன், எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெரியவரின் சம்சாரம் வாசலில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தார். எனக்கு வேர்த்து ஊற்றியது. இருந்தாலும் பல மாதங்களாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது.

பேரம் முடிகிற சமயம் பெரியவர் பெருமையாகச் சொன்னார். "ஒரு நாளு தண்ணி வத்த விட்டதில்லைங்க. காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டுவேன், அடுத்து ரேடியேட்டருக்கு ஊத்துவேன். எல்லாம் நம்ம கெணத்துத் தண்ணிதான்."

நாங்கள் ரொம்பத் திருப்தியாகத் தலையாட்டினோம். இதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். அந்த மண்ணுக்குக் கீழே பூராவும் சுண்ணாம்புக்கல். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். எங்கள் ஊர்த் தண்ணீரும் அதே ரகம்தான். வெந்நீர் அண்டாவில் ஓடு மாதிரி பிடித்திருப்பதை வெள்ளிக்கிழமை தோறும் நான் புளி போட்டுத் தேய்ப்பேன், இவர் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். அப்படியிருந்தும் கொதிக்கிற எஞ்சினுக்குள் அந்தத் தண்ணீர் வருடக்கணக்காக என்ன செய்திருக்கும் என்று இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

சிறுவாச்சூர் கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கார் வீட்டுக்கு வந்தது. கோடையில் வற்றிக் கிடந்த ஏரிக்குள் இவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கரையில் ஊர்ப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். "ஏக்கா, நடவுக்குப் போறப்ப எங்களையும் ஏத்திக்கிட்டுப் போவியா?" என்று ஒருத்தி கேட்டாள். "முதல்ல நிறுத்தக் கத்துக்கறேன், அப்பறம் ஏறுடி" என்றேன். வெளியே சிரித்தேனே தவிர, ஓட்டும்போதெல்லாம் உள்ளங்கை ஈரமாகத்தான் இருக்கும்.

அந்தக் கோடையிலேயே கார் சூடேற ஆரம்பித்தது. பெரம்பலூர் போய்விட்டு வருவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. இவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுச் சுரண்டிப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாக வந்தது.

"ஏய், இங்க வந்து பாரு! உன் அண்டாடி இது!"

கண்டுபிடித்த சந்தோஷத்தில் குதித்தார். அண்டாவுக்குப் புளி என்றால் காருக்கும் புளி. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இவர் வாளியில் கரைத்தார். "ஓடுறதைப் போயிக் கிண்டாதீங்க" என்றேன். "பயப்படாத" என்றார். கெட்டியாகக் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, ரேடியேட்டரில் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டார். தெருவே மணத்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "காருக்கு ரசமா வாத்தியாரே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பிறகு திறந்துவிட்டதும் சாக்கடைத் தண்ணீர் மாதிரி வந்தது, கூடவே வெள்ளைச் சில்லுகள். நல்ல தண்ணீர் ஊற்றி அலசினார். அதற்கப்புறம் முள் ஏறவே இல்லை. பள்ளிக்கூடத்தில் இதையே ஒரு பாடமாக நடத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சில நாள் கழித்து வாசல் தெளிக்கப் போனபோது காருக்கு அடியில் ஏற்கெனவே தரை நனைந்திருந்தது. அவரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். நான்தான் பேசினேன், நிறைய.

விஷயம் இதுதான். ரேடியேட்டரின் குழாய்கள் எப்போதோ அரித்துப்போயிருந்தன. அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தச் சுண்ணாம்புதான். காரைச் சூடாக்கியதும் அது, ஒழுகாமல் காப்பாற்றியதும் அது. நாங்கள் மெனக்கெட்டுப் புளி வாங்கி அதைக் கழுவி எடுத்திருந்தோம்.

"லாரிக்காரங்க இதுக்கு மஞ்சத்தூள் போடுவாங்க" என்றார். "உள்ள போயி ஓட்டையில அடைச்சுக்கும்." ரெண்டு பிடி போட்டார். ஒழுகல் நின்றது என்னவோ உண்மை. "சனிக்கிழமை கழட்டிப் பெரம்பலூர் கொண்டு போயி ஈயம் வச்சுப் பத்தவச்சுடலாம். அதுவரைக்கும் மஞ்சள் தாங்கும்."

"புளி போட்டாச்சு, மஞ்சள் போட்டாச்சு. இனி கடுகு தாளிச்சு எறக்க வேண்டியதுதான்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு தகர டப்பாவில் தண்ணீரும் ஒரு பொட்டலம் மஞ்சள் தூளும் முன் சீட்டுக்கடியில் வைத்தேன். சனிக்கிழமை சீக்கிரம் வந்தால் போதும் என்று இருந்தது. கழற்றிய பிறகு கார் இல்லாமல் இருக்கப்போகும் நாட்களை நினைத்தால், வராமலே இருந்தாலும் தேவலை என்றும் இருந்தது.

சனிக்கிழமை வருவதற்குள் இழுப்பு வந்துவிட்டது. நல்ல உச்சி வெயில். விளையாடிக்கொண்டிருந்தவள் உள்ளே வந்து ஒன்றும் சொல்லாமல் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்கார்ந்தால் எனக்கு வேறு அடையாளம் எதுவும் தேவையில்லை. "அக்கா, பள்ளிக்கூடத்துக்கு ஆள் விடுங்க" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்திவிட்டு, அவளைத் தூக்கி முன் சீட்டில் வைத்தேன். சாவி திருகினேன். கிர் என்றது, அடங்கிவிட்டது. ஹேண்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். கட்டை விரலைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். கண்ணாடி வழியாக அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து பார்க்காமல் சுற்றினேன். எடுக்கவில்லை. இன்னொரு முறை. எடுக்கவில்லை. "தாயே, மகமாயி, எடுத்துக்கடி" என்று திட்டிக்கொண்டே சுற்றினேன். எடுத்துக்கொண்டது.

மெயின் ரோட்டுக்கு வந்ததும், அவள் பயப்படாமல் இருக்கட்டும் என்று ஒரு வேலை கொடுத்தேன். "பாப்பா, அந்த முள்ளைப் பாத்துக்க. மேல ஏறுனா அம்மாகிட்டச் சொல்லு."

கொஞ்ச தூரம் போனதும், "அம்மா... ஏறு..." என்றாள். 'து' வரவில்லை, மூச்சு பற்றவில்லை.

என்ன காரியம் செய்துவிட்டேன்! "பேசாத சாமி. வெரலை மட்டும் தூக்கிக் காட்டு."

அவள் விரலைத் தூக்கிக் காட்டினாள். முள் ஏற ஏற விரலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. நான் ரோட்டைப் பார்த்தேனா அந்த விரலைப் பார்த்தேனா என்று எனக்கே தெரியாது. நிறுத்தித் தண்ணீர் ஊற்றலாம் என்றால், கொதிக்கிற ரேடியேட்டரைத் திறக்கக் கூடாது, ஆற வேண்டும். ஆறும்வரை எங்கே உட்கார்ந்திருப்பது? ஓட்டினேன். பானெட் இடுக்கில் புகை மாதிரி ஆவி வந்தது. மஞ்சள் வேகும் வாடை அடித்தது.

அரியலூருக்குள் நுழைகிற ரயில் கேட் மூடியிருந்தது.

எனக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. எஞ்சினை நிறுத்தினால் இனி எடுக்காது. நிறுத்தாவிட்டால் வெடித்துவிடும். சீட்டுக்கடியிலிருந்து மஞ்சள் பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது. இந்தக் காருக்காக நாங்கள் படித்த பாடமெல்லாம் அந்தப் பொட்டலத்தில்தான் முடிந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் விரல் கீழே விழுந்திருந்தது. உதடு நிறம் மாற ஆரம்பித்திருந்தது.

கதவைத் திறந்து அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். லாரிகளைத் தாண்டி, கேட் கம்பிக்கு அடியில் குனிந்து, தண்டவாளத்தில் ஏறினேன். "ஏம்மா! வண்டி வருதும்மா!" என்று கேட்காரர் கத்தினார். ரயில் சத்தம் கேட்டது. எவ்வளவு தூரத்தில் என்று பார்க்கவில்லை. அந்தப் பக்கம் காத்திருந்த குதிரை வண்டிக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல், "ஏறும்மா" என்று வண்டியைத் திருப்பினார்.

ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் நெஞ்சு அடங்கியது. உதட்டில் சிவப்பு வந்தது. பிறகு தூங்கிவிட்டாள். நர்சம்மா அவள் கவுனைப் பார்த்துவிட்டு, "கோயில்ல இருந்தா வர்றீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன். பொட்டலம் என் கையிலேயே பிய்ந்துபோய், குழந்தையின் முதுகு பூராவும் என் ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்திருந்தது. அவள் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. நான் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, இவர் வந்து வாசலில் நின்றார். மெயின் ரோட்டில் கல் லாரி ஒன்றைப் பிடித்துக் கேட் வரைக்கும் வந்திருக்கிறார். அங்கே அவர் பார்த்தது, ஆவி விட்டுக்கொண்டு நடு ரோட்டில் நின்ற எங்கள் கார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. எங்களைப் பார்த்த லாரிகள் போய்விட்டிருந்தன. ரயிலும் கடந்து போயிருக்கிறது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மகளின் இன்னொரு செருப்பு கிடந்திருக்கிறது.

அந்தச் செருப்பு அவர் கையில் இருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்கு வந்து மண்டியிட்டு, மகளின் முதுகில், அந்த மஞ்சள் கை மேலேயே காதை வைத்தார்.

"மூச்சு விடுறா பாருங்க. நல்லா விடுறா" என்றேன்.

அவர் காதை எடுக்கவில்லை.

இத்தனை மாதமாக அவர் துடைத்தது, பிரித்தது, மாட்டியது, புளி ஊற்றியது எல்லாம் ஞாபகம் வந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், "வண்டி கேட்டுலேயே கெடக்குதுங்க. சாவியைக்கூட எடுக்கல" என்றேன்.

தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "எந்த வண்டி?"